அட்டையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் செய்தி



ஆண்டு விழா மலரிலே மொழியின் தொன்மை பற்றியும் இலக்கியச் சுவை பற்றியும் எழுதுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். பிள்ளைகள் ஆசையோடு சேர்த்து வைக்கும் விளையாட்டு அட்டைகளைப் பற்றியே எழுத முற்படுகிறோம். "படிப்பை விட்டுவிட்டு அட்டை சேர்க்கிறாயா?" என்று கடிந்துகொண்ட பெற்றோர்களும் பொறுமையோடு இதனை வாசிக்குமாறு வேண்டுகிறோம். இவற்றுட் சில அட்டைகளின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் கருத்துக்குப் புலப்படாத செய்தி ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. அச்செய்தி என்ன, அதனை எவ்வாறு காப்பது, அதனால் நாம் கற்கும் பாடம் யாது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

ஒரு பெட்டியும் ஒரு கேள்வியும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எமது ரொறன்ரோப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தான். அதில் பன்னிரண்டு போகிமோன் அட்டைகள் இருந்தன. அவை அவனுடைய தந்தையாருக்குச் சொந்தமானவை. தந்தையாரும் எமது பள்ளியிலேயே தமிழ் பயின்றவர். 2002, 2003ஆம் ஆண்டுகளில், அவர் சிறுவனாக இருந்த காலத்தில் வாங்கிய அட்டைகள் அவை. பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டின் நிலக்கீழ் அறையில் அவை கிடந்தன. ஒருமுறை அவ்வறையில் வெள்ளம் புகுந்தபோது பெட்டியின் அடிப்பகுதி நனைந்துவிட்டது.

"அட்டையின் கரையிலே தூசி மாதிரிப் புள்ளிகள் இருக்குதே, அது என்ன ரீச்சர்?" என்பதுதான் மாணவனுடைய கேள்வி. உண்மையிலேயே தூசி படிந்தது போன்ற சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஒவ்வோர் அட்டையின் விளிம்பிலும் காணப்பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது, தூசியாகத் தோன்றியது ஒழுங்காக அச்சிடப்பட்ட ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகள் என்பது தெரிந்தது. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இ-ரீடர் என்னும் கருவி

ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 2001ஆம் ஆண்டில் கேம் போய் அட்வான்ஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலும், 2002 செப்டெம்பரில் வட அமெரிக்காவிலும் அதனோடு பொருத்தக்கூடிய இ-ரீடர் என்னும் துணைக்கருவி விற்பனைக்கு வந்தது. அட்டையை அதன் நீண்ட பிளவினுள்ளே இழுத்தால், உள்ளிருக்கும் சிறு விளக்கு அட்டையின் ஓரத்தை ஒளியூட்டும். உணரி அப்புள்ளிகளைப் படிக்கும். விளையாட்டோ படமோ ஒலியோ திரையில் தோன்றும். அட்டையிலே காந்தமும் இல்லை, மின்சுற்றும் இல்லை. வெறும் காகிதமும் மையுமே உள்ளன. இப்புள்ளி முறையை உருவாக்கியது ஒளிப்படக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஒலிம்பஸ் நிறுவனம்.

எக்ஸ்பெடிஷன், அக்வாபோலிஸ், ஸ்கைரிட்ஜ் என்று 2002, 2003ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்த போகிமோன் அட்டைத் தொகுதிகளில் இத்தகைய பட்டைகள் உண்டு. கீழ் விளிம்பில் உள்ள குறும்பட்டையை இழுத்தால், அட்டையிலுள்ள உயிரினத்தைப் பற்றிய குறிப்புத் தோன்றும். பக்க விளிம்பில் நெடும்பட்டை உள்ள அட்டைகளில் சிறு விளையாட்டுகள் மறைந்திருக்கும். அவற்றுட் சிலவற்றை ஓர் அட்டையால் மட்டும் திறக்க முடியாது. குறிப்பிட்ட சில அட்டைகளைச் சேர்த்துப் படித்தால்தான் விளையாட்டு முழுமை பெறும். ஒன்று தொலைந்தால் மற்றவையும் பயனற்றுப் போகும்.

போகிமோன் மட்டுமன்று; 1980களில் பெட்டிக் கருவிகளில் விளையாடப்பட்ட பலூன் ஃபைட், எக்சைட்பைக் முதலிய பழைய விளையாட்டுகளும் ஐந்தைந்து அட்டைகளாக அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 4 என்னும் விளையாட்டுக்குப் புதிய மட்டங்களைத் தரும் அட்டைகளும் வந்தன. அவற்றுட் பல ஜப்பானில் மட்டுமே வெளியாயின.

ஆயினும் மக்கள் பெருமளவில் இக்கருவியை வாங்கவில்லை. ஒரு சிறு விளையாட்டுக்காகப் பல அட்டைகளைத் திரும்பத் திரும்ப இழுப்பது பலருக்குச் சலிப்பூட்டியது. 2004ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் இ-ரீடர் கைவிடப்பட்டது. அட்டைகள் மட்டும் பெட்டிகளில் எஞ்சின.

புள்ளிகள் பேசும் மொழி

கணினிக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே: ஒன்று, பூச்சியம். புள்ளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். இதுவே இப்பட்டையின் அடிப்படை. இத்தகைய எட்டு எழுத்துகள் சேர்ந்தது ஒரு பைட்.

புள்ளிகள் கட்டங்கட்டமாக வகுக்கப்பட்டுள்ளன. குறும்பட்டையில் 18 கட்டங்கள், நெடும்பட்டையில் 28 கட்டங்கள். கட்டங்களின் எல்லையில் சற்றுப் பெரிய வட்டப் புள்ளிகள் இருக்கும். அவை வயலின் எல்லைக் கற்களைப் போன்றவை. சிறுவர் அட்டையைச் சரிவாக இழுத்தாலும், விரைந்து இழுத்தாலும், அக்கற்களைக் கொண்டு கருவி தன் வழியைக் கண்டுகொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டிலக்கம் போன்ற ஓர் எண்ணும் உண்டு. அதனால் எந்தக் கட்டம் எதற்கு அடுத்தது என்ற குழப்பம் எழாது.

நெடும்பட்டை ஒன்றில் அடங்கும் செய்தி இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பைட். இன்றைய கணினியில் யுனிகோட் முறையில் தமிழ்க் குறி ஒன்றைச் சேமிக்கப் பொதுவாக மூன்று பைட் தேவை. ஆகவே ஏறத்தாழ 700 தமிழ்க் குறிகளை, அதாவது இக்கட்டுரையின் இரண்டொரு பந்திகளை மட்டுமே ஒரு பட்டையில் அடக்க இயலும். அவ்வளவு சிறிய இடத்திலே ஒரு விளையாட்டை அடைத்து வைத்த பொறியியலாளரின் சிக்கனத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

பிழையைத் தானே திருத்தும் கணக்கு

சிறுவர் கையில் புழங்கும் அட்டை அழுக்காகும், கீறல் விழும். ஒரு புள்ளி மறைந்தாலும் செய்தி கெட்டுவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பரிகாரமாக அமைந்தது 1960ஆம் ஆண்டில் இர்விங் ரீட், குஸ்டாவ் சொலமன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் வெளியிட்ட முறை. அவர்கள் பெயராலேயே அது ரீட்-சொலமன் முறை எனப்படுகிறது. இசைத் தட்டுகளாகிய குறுந்தகடுகளிலும், கடைகளிற் காணும் கியூஆர் சதுரங்களிலும் பயன்படுவது இம்முறையே.

மாணவர்களே, இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நண்பனுக்கு 3, 5 என்னும் இரண்டு எண்களை நீங்கள் அனுப்ப வேண்டும். கட்டத்தாளிலே முதலாம் இடத்தில் 3 என்ற உயரத்திலும், இரண்டாம் இடத்தில் 5 என்ற உயரத்திலும் புள்ளி இடுங்கள். இரண்டையும் இணைத்து நேர்கோடு வரைந்து நீட்டுங்கள். அக்கோடு மூன்றாம் இடத்தில் 7 என்ற உயரத்திலும், நான்காம் இடத்தில் 9 என்ற உயரத்திலும் செல்லும். இப்போது 3, 5 என்று மட்டும் அனுப்பாது, 3, 5, 7, 9 என நான்கையும் அனுப்புங்கள்.

வழியில் பிழை நேர்ந்து, நண்பனுக்கு 3, 5, 8, 9 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அவன் நான்கு புள்ளிகளையும் தாளில் இடுகிறான். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. விலகியதே பிழை என்றும், அது 7 ஆக இருத்தல் வேண்டும் என்றும் உங்களைக் கேளாமலே அவன் அறிந்துகொள்வான். இரண்டு எண்களைக் காவலுக்கு அனுப்பியதால் ஒரு பிழை திருந்தியது.

அட்டையில் நடைபெறும் கணக்கு இதைவிடக் கடினமானது. நேர்கோட்டுக்குப் பதிலாகச் சிக்கலான வளைகோடுகளை ஒத்த கணிதம் அங்கே தொழிற்படுகிறது. எனினும் கருத்து ஒன்றே. ஒவ்வொரு 48 பைட் செய்திக்கும் 16 பைட் காவலாகச் சேர்க்கப்படுகிறது. இவ்வாறு அமைந்த 64 பைட்டில் எட்டு வரை கெட்டுப்போனாலும் மூலச் செய்தியை மீட்டுவிடலாம். அத்துடன், அடுத்தடுத்து வரவேண்டிய பைட்கள் பட்டை முழுவதும் பிரித்து விதைக்கப்படுகின்றன. நெல் முழுவதையும் ஒரே கோற்காலையிற் போடாது பல இடங்களில் வைப்பது போன்றது இது. ஓரிடத்தில் ஆழமான கீறல் விழுந்தாலும், அதன் கேடு பல தொகுதிகளுக்குச் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டு, ஒவ்வொன்றும் திருந்தக்கூடிய அளவிலேயே நின்றுவிடும்.

ஆயினும் இக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டும் வரை அட்டை நன்றாகவே இயங்கும். தாண்டியதும் ஒரேயடியாக மௌனமாகிவிடும். மெல்ல மெல்ல மங்கி எச்சரிக்கும் இயல்பு இதற்கு இல்லை. "இன்னும் வேலை செய்கிறதுதானே" என்று நாம் இருந்துவிடுவதன் ஆபத்து இங்கேதான் உள்ளது.

கருவி போனால் செய்தியும் போகுமா?

அச்சிட்ட காகிதம் நூறாண்டு நிலைத்தல் அரிதன்று. ஆனால் இப்புள்ளிகளைப் படிக்க ஒரு கருவி வேண்டும். அக்கருவி பொருந்த இன்னொரு கருவி வேண்டும். அப்புள்ளிகளின் இலக்கணத்தை அறிந்தவரும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லையேல், செய்தி கண்முன்னே இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலாந்தில் உண்டு. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னனின் ஆணைப்படி நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்துத் தோலேடுகளில் எழுதினார்கள். டூம்ஸ்டே நூல் எனப்படும் அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை முன்னிட்டு, 1986ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்க்கையைப் படங்களாகவும் குறிப்புகளாகவும் திரட்டி இரண்டு லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பெருந்தொகையான பள்ளி மாணவர்களும் அப்பணியில் ஈடுபட்டார்கள். பதினைந்தே ஆண்டுகளில் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. 2002ஆம் ஆண்டளவில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கருவியைப் போலவே தொழிற்படும் மென்பொருளை ஆக்கி, அச்செய்தியைத் திரும்பவும் வாசித்துக் காட்டினார்கள். தொள்ளாயிரம் ஆண்டு பழைமையான ஏட்டையோ எந்தக் கருவியும் இன்றி இன்றும் படிக்கலாம்.

இ-ரீடர் அட்டைகளின் வரலாறும் இத்தகையதே. ஆர்வலர் பலர் பல நாடுகளிலிருந்து ஒன்றுசேர்ந்து, கருவியை ஆராய்ந்து, புள்ளிகளின் இலக்கணத்தைக் கண்டறிந்து எழுதி வைத்தார்கள். சாதாரண ஸ்கேனரில் எடுத்த படத்திலிருந்தே செய்தியைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களையும் ஆக்கினார்கள். நின்டெண்டோ நிறுவனமும் மாரியோ அட்டைகளிலிருந்த மட்டங்களை 2016ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் வீ யூ கருவிக்கான வெளியீட்டிற் சேர்த்துத் தந்தது. ஆனால் வீ யூ கருவியின் விற்பனைத்தளமும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. 2023இல் சுவிட்ச் கருவியின் சந்தாச் சேவையில் அம்மட்டங்கள் மறுபடியும் வந்தன. மீட்ட செய்தியையும் மீண்டும் மீண்டும் புதிய இடத்துக்கு மாற்றிக் குடியேற்ற வேண்டியிருப்பதை இதனால் அறியலாம்.

அரிய அட்டையின் சங்கடம்

அட்டை எவ்வளவு அரியதோ, அவ்வளவுக்கு அதன் விலையும் உயர்வு. ஸ்கைரிட்ஜ் தொகுதியின் சில அட்டைகள் நல்ல நிலையில் இருந்தால் இன்று ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு விலைபோகின்றன. ஓரத்தில் மெல்லிய கீறல் விழுந்தாலே விலை சரியும். இ-ரீடர் கருவியில் அட்டையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விளிம்பு உராய்கிறது. ஆதலால் செல்வச் சேகரிப்பாளர்கள் அட்டையை ஒருபோதும் கருவியிற் செலுத்துவதில்லை. தர மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்பி, தடித்த ஒளிபுகு பெட்டியில் முத்திரையிட்டு வைக்கிறார்கள்.

இதனால் ஒரு விந்தையான நிலை தோன்றுகிறது. மிக அரிய அட்டைகளே மிகக் குறைவாகப் படிக்கப்படுகின்றன. காகிதம் காக்கப்படுகிறது, காகிதம் சுமந்த செய்தி காக்கப்படுவதில்லை. போட்டிகளிலும் விழாக்களிலும் சிறு எண்ணிக்கையில் வழங்கப்பட்ட அட்டைகளுக்கு இவ்வாபத்து மேலும் அதிகம். விலையைப் பேணுவோரை நாம் குறை கூறவில்லை. அட்டைக்கு ஊறு செய்யாமலே செய்தியை எடுக்கும் வழி இருக்கிறது என்பதையே கூற விழைகிறோம்.

காக்கும் முறை

வீட்டிலேயே செய்யத்தக்க முறையை வரிசையாகத் தருகிறோம். சிறுவர்கள் பெற்றோரின் துணையோடு செய்தல் நன்று.

முதலாவது, கைகளை நன்கு கழுவி உலர்த்துங்கள். அட்டையை விளிம்பிற் பிடியுங்கள். தூசியை உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரோ துப்புரவுத் திரவமோ ஆகாது. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டா.

இரண்டாவது, தட்டையான கண்ணாடி கொண்ட ஸ்கேனரில் அட்டையை நேராக வைத்து, அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் அல்லது அதற்கு மேற்பட்ட நுணுக்கத்தில் படம் எடுங்கள். படத்தை அழகுபடுத்தும் வசதிகள் அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். நமக்கு வேண்டியது அழகன்று, உள்ளது உள்ளபடி. முத்திரையிட்ட பெட்டியிலுள்ள அட்டையானால் லென்சு கொண்ட வகை ஸ்கேனரை நாடுங்கள். மெலிந்த வகை ஸ்கேனர்கள் கண்ணாடியை ஒட்டிய பொருளை மட்டுமே தெளிவாகக் காணும். பெட்டியின் தடிப்புக்கு அப்பால் உள்ள புள்ளிகள் கலங்கித் தெரியும்.

மூன்றாவது, படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வகைக் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வகை இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக நுண்ணிய விளிம்புகளை மழுங்கச் செய்யும். முகங்களின் படத்துக்கு அது தீங்கில்லை, நுண்புள்ளிகளுக்கோ பெருந்தீங்கு.

நான்காவது, குறிப்பு எழுதுங்கள். எந்தத் தொகுதி, எத்தனையாவது அட்டை, எந்த மொழி, யாருடையது, எந்த நாளில் எடுத்த படம் என்பவற்றைக் கோப்போடு சேர்த்து வையுங்கள். பெயரில்லாத படம் சில ஆண்டுகளில் அநாதையாகிவிடும்.

ஐந்தாவது, ஒத்துப் பாருங்கள். மென்பொருள் கொண்டு செய்தியைப் பிரித்தெடுத்தபின், அதற்குரிய சரிபார்ப்பு எண்ணைக் கணினியால் பெறலாம். கோப்பிலே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். வெவ்வேறு இருவரிடமுள்ள ஒரே வகை அட்டைகளிலிருந்து எடுத்த செய்திகளின் எண்கள் ஒத்திருந்தால், பிழையில்லை என்று நம்பலாம்.

ஆறாவது, மூன்று பிரதிகள் வையுங்கள். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறு வீட்டில் இருக்கட்டும். தீயோ வெள்ளமோ ஒரே வேளையில் இரண்டு வீடுகளுக்கு வருவது அரிது. ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். எமது பள்ளியின் ஆண்டு விழா நாளையே அதற்கு நினைவு நாளாகக் கொள்ளலாமே!

ஏழாவது, அட்டையையும் மறவாதீர்கள். பிவிசி கலவாத உறையில் இட்டு, வெயில் படாத, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். இந்நாட்டில் நிலக்கீழ் அறை அதற்கு ஏற்ற இடமன்று.

இன்னுமொரு சொல். அட்டை நம்முடையதாயினும் அதிலுள்ள படமும் விளையாட்டும் ஆக்கியோரின் உரிமை. நம்மிடமுள்ளதைக் காத்துவைப்பது வேறு, பிறர் ஆக்கத்தைப் படியெடுத்து விற்பது வேறு. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது பெற்றோரின் கடமை.

ஓலையில் இல்லாத புள்ளி

புள்ளியைப் பற்றிப் பேசும்போது நம் மொழியின் புள்ளி நினைவுக்கு வருகிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஆயினும் ஓலைச்சுவடிகளில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் கூட ஓலையில் வேறுபாடின்றியே காணப்படும். அவ்வாறிருந்தும் நம் முன்னோர் பிழையின்றிப் படித்தார்கள். எவ்வாறு? மொழியை அறிந்திருந்தார்கள், செய்யுளின் ஓசையை அறிந்திருந்தார்கள். பொருளும் யாப்பும் காவல் எண்களாக நின்று, விடுபட்ட புள்ளியை மனத்திலே இட்டுக் கொடுத்தன.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றியபோது ஒரே ஏட்டை நம்பி இருந்துவிடவில்லை. பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளை ஆராய்ந்து மூலத்தை நிறுவினார். இரண்டு அட்டைகளின் செய்தியை ஒத்துப் பார்க்கும் இன்றைய ஆர்வலரும் அதே நெறியைத்தான் பின்பற்றுகின்றனர். பொருளின் பெருமையிலே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு, முறையோ ஒன்றே. ஏட்டைப் பூசை அறையில் வைத்து வணங்கியோரால் மட்டும் நூல்கள் பிழைக்கவில்லை. ஏட்டைப் பிரித்துப் படித்து, படியெடுத்து, பிறருக்கும் படிக்கக் கற்பித்தோராலேயே பிழைத்தன.

பெட்டியில் எஞ்சியவை

அம்மாணவனின் பெட்டிக்குத் திரும்புவோம். பன்னிரண்டு அட்டைகளையும் பள்ளியின் ஸ்கேனரில் படம் எடுத்தோம். ஒன்பது அட்டைகளின் செய்தி எவ்விதக் குறையுமின்றிக் கிடைத்தது. இரண்டில் கீறல்கள் இருந்தன. பிழை திருத்தும் கணக்கு அவற்றைச் சீர்செய்து தந்தது. பன்னிரண்டாவது அட்டை வெள்ளத்தில் நனைந்து பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. அதனை எவரோ முன்னரே இழுத்தெடுத்தபோது ஓரத்து அச்சு முழுவதும் தகரத்தோடு போய்விட்டது. எந்தக் கணக்காலும் அதனை மீட்க இயலவில்லை. இன்னொரு வீட்டில் அதே அட்டையின் பிரதி இருத்தல் கூடும் என்பதே எமது நம்பிக்கை.

பெற்றோர் ஒருவரின் வீட்டில் இயங்கும் நிலையில் இ-ரீடர் ஒன்று இருந்தது. மிகத் தேய்ந்த, விலைமதிப்பற்ற ஓர் அட்டையை மட்டும் அதில் இழுத்துப் பார்த்தோம். சிறு திரையில் உயிரினத்தின் படமும் குரலும் வந்தன. மகன் கைகொட்டிச் சிரித்தான். தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மாவின்ர குரல் இருக்கிற கசற் ஒன்று வீட்டில கிடக்குது. போட்டுக் கேட்க மெசின் இல்லையென்று விட்டுவிட்டேன்" என்றார்.

பெற்றோர்களே, அவர் கூறியது நம்மிற் பலருக்கும் பொருந்தும். தொலைபேசிக் கட்டணம் எட்டாத காலத்தில், ஊரிலிருந்து உறவினர் தம் குரலை ஒலிநாடாவிலே பதிந்து அனுப்பினார்கள். திருமண வீட்டு நிகழ்வுகளை ஒளிநாடாக்களிற் பதிந்தோம். அவற்றுட் பல இன்று அலுமாரியின் மேல்தட்டில், படிக்கும் கருவியின்றிக் கிடக்கின்றன. விளையாட்டு அட்டையின் புள்ளிகளுக்காவது கணக்கு காவல் நின்றது. பாட்டியின் குரலுக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. காந்தப் பூச்சு உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். அட்டைக்கு இன்னொரு பிரதி எங்கேனும் இருக்கலாம். அக்குரலுக்கோ உலகில் வேறு பிரதி இல்லை.

ஆகவே மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் அட்டைகளைப் படம் எடுத்து முடித்ததும், பெற்றோரிடம் அந்த நாடாக்களைக் கேட்டு வாங்குங்கள். இயங்கும் கருவியை எங்கேனும் தேடிக் கண்டுபிடித்து, குரலைக் கணினிக்கு மாற்றுங்கள். பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெற்றோரிடமும் பேரன் பேர்த்தியரை நேசிக்கும் முதியோரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டி என்ன சொல்கிறார் என்பதை விளங்கிக்கொள்ளத் தமிழ் வேண்டும். அந்தக் கருவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனை உங்களுக்குத் தருவதற்காகவே சனிக்கிழமை தோறும் இப்பள்ளியின் கதவுகள் திறக்கின்றன.